எண்பது வெள்ளிக் கிண்ணங்கள்

1942 ஏப்ரல் 18இல் யப்பான்மீது குண்டு வீசிய டூலிட்டில் அணியினர் 80 பேருக்கும் பெயர் பொறித்த வெள்ளிக் கிண்ணம் ஒவ்வொன்று உண்டு. ஒருவர் இறந்தால் அவருடையதைக் கவிழ்த்து வைப்பார்கள். டூலிட்டில் பிறந்த 1896ஆம் ஆண்டுக் கொன்யாக் போத்தலொன்று கடைசி இருவருக்கென்று காத்திருந்தது. 2013இல் நால்வர் மிஞ்சியிருந்தபோதே, வரமுடிந்த மூவர் அதைத் திறந்தார்கள். டூலிட்டிலின் துணை விமானி ரிச்சார்ட் கோல் 2019இல் 103 வயதில் காலமானார். கடைசிக் கிண்ணமும் கவிழ்ந்தது.

16 விமானங்களில் 15 சீனாவிலும் அதன் கரையோரத்திலும் விழுந்தன. தப்பிய பலரை ஒளித்து வைத்துச் சோறு போட்டது அங்கத்தைச் சனம்தான். பிறகு யப்பானிய இராணுவம் செஜியாங், ஜியாங்சி மாகாணங்களுக்குள் இறங்கிப் பழிவாங்கியது. செத்தது பல்லாயிரம் பேர். சரியான தொகை இன்றுவரை இல்லை.

விமானச் சத்தத்துக்குப் பங்கருக்குள் ஓடி வளர்ந்தவன் நான். அதனாலோ என்னவோ, கிண்ணக் கதையை வாசித்தாலும் மனம் அந்த ஊர்களுக்குத்தான் போகிறது.