கிராம அறிவு மையங்கள்

கிராம அறிவு மையங்கள்: சிற்றூர் மக்களுக்குத் தேவையான செய்தியையும் கணினிப் பயிற்சியையும் அவர்கள் ஊரிலேயே, அவர்கள் மொழியிலேயே தருவதற்காக 1990-களின் இறுதியில் தமிழ் வழங்கும் பகுதிகளில் உருவான பொது இடங்கள். ஆராய்ச்சி நிறுவனம், பல்கலைக்கழகம், வங்கி, அரசுத் துறை, ஊர்க்குழு ஆகியவை ஒரே வலைப்பின்னலில் சேர்ந்து இவற்றை நடத்தின. இணைய வசதி தரும் கடைகளிலிருந்து இவை வேறுபட்டது இந்தக் கூட்டு அமைப்பால்தான்.

முன்வரலாறு. பின்னாளில் இம்மையங்கள் சில அமைந்த பழனிமலைப் பகுதியில் கூட்டாக அறிவு சேர்க்கும் வழக்கம் கணினிக்கு மிக முந்தியது. செண்பகனூரில் இயேசு சபையினர் 1895-இல் நிறுவிய திரு இருதயக் கல்லூரி, மலையின் செடிகொடிகளைச் சேகரிக்கும் களமாக விளங்கியது. அதே சபையைச் சேர்ந்த கே. எம். மேத்யூ திருச்சிராப்பள்ளியில் உருவாக்கிய ராப்பினா உலர்தாவரகம் இம்மரபைத் தொடர்ந்தது. பழனிமலைத் தாவரங்களைப் பற்றிய அவருடைய பெருந்தொகுப்பு 1999-இல் வெளிவந்தது.

புதுச்சேரிச் சோதனை. வேளாண் அறிவியலாளர் எம். எஸ். சுவாமிநாதன் 1988-இல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி நிறுவனம், தகவல் தொழில்நுட்பத்தைக் கடைக்கோடி மக்களிடம் கொண்டுசேர்ப்பது குறித்து 1992-இல் ஒரு கலந்துரையாடல் நடத்தியது. அதன் தொடர்ச்சியாக, கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தின் நல்கையோடு, 1998-இல் புதுச்சேரியில் ‘தகவல் கிராமங்கள்’ திட்டம் தொடங்கிற்று. வில்லியனூர் நடுவமாக இருந்தது. கீழூர், ஏம்பலம், வீராம்பட்டினம், பூரணாங்குப்பம் முதலிய ஊர்கள் அதனுடன் இணைந்தன.

தொலைபேசிக் கம்பி சரிவர எட்டாத ஊர்கள் இவை. ஆகவே இருவழி வானொலிக் கருவிகள் வழியாகக் குரலோடு தரவும் அனுப்பப்பட்டது. மின்வெட்டுக்குச் சூரியத் தகடுகள் துணைநின்றன. தமிழில் தட்டச்சு செய்யக் கற்றதில் ஊர்ப் பெண்களே முன்னின்றனர். நெல் விலை, விதை இருப்பு, பேருந்து நேரம், மருத்துவமனை விவரம், வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பங்களின் பட்டியல் என நூறு வகைத் தகவல் திரண்டது. அரசு அலுவலகத்தில் கேட்டுக் கேட்டு அலுத்த அந்தப் பட்டியல், மையத்தின் கணினியில் எவரும் பார்க்கும்படி இருந்தது. ‘நம்ம ஊரு செய்தி’ என்ற இதழும் வெளிவந்தது.

நிறுவனம் விதித்த நிபந்தனைகள் கறாரானவை. இடத்தை ஊர் வாடகையின்றித் தர வேண்டும். தன்னார்வலர்களை ஊரே தேர்ந்தெடுக்க வேண்டும். சாதி பாராமல் எல்லாரும் உள்ளே வரலாம். எளிதாகத் தோன்றும் இம்மூன்றாம் நிபந்தனைதான் உண்மையில் திட்டத்தைச் சோதித்தது. தலித்துகள் நுழையத் தயங்கும் இடத்தில் அமைந்ததால் மூடப்பட்ட மையமும் உண்டு. ஏம்பலத்தில் மையம் கோயில் கட்டடத்திலேயே இயங்கியது. அதற்கு இரண்டு வாசல்கள்: ஒன்றன் வழியே எல்லாரும் போக முடியாது, மற்றொன்று கணினி அறைக்குத் திறந்தது, அங்கே தடையில்லை. 2000 மே மாதம் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் இதைச் செய்தியாக்கியபோது ஏம்பலம் உலகின் பார்வைக்கு வந்தது. இத்திட்டம் 2001-இல் ஸ்டாக்ஹோம் சவால் விருதைப் பெற்றது.

வீராம்பட்டினம் மீனவக் குப்பம். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வெளியாகும் அலை உயரக் கணிப்பை வில்லியனூரில் இறக்கித் தமிழாக்கி அனுப்புவார்கள். கரையிலிருந்த ஒலிபெருக்கி அதை வாசிக்கும். பெரும் போர்க்கப்பல்களுக்காகக் கணித்த எண், கட்டுமரம் தள்ளுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க உதவிற்று. இத்திட்டத்தின் சாதனைப் பட்டியலில் விருதுகளுக்கு முன்னால் வைக்கத்தக்கது இந்த ஒலிபெருக்கிதான்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது இத்திட்டத்தின் மையம் இருந்த நல்லவாடு ஊரை அம்மையத்தின் ஒலிபெருக்கி காப்பாற்றியதாகச் சொல்லப்படுகிறது. சிங்கப்பூரிலிருந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் செய்தி பார்த்து வீட்டுக்குத் தொலைபேசினார் என்பதும், எச்சரிக்கை ஒலிபரப்பாகி மக்கள் வெளியேறினர் என்பதும் பரவலான கூற்று. யார் முதலில் கேட்டார், ஒலிபெருக்கி அறையைத் திறந்தது யார் என்பதில் பதிவுகள் வேறுபடுகின்றன. மையத்தின் பங்கை மிகைப்படுத்தாமலும் மறுக்காமலும் குறிப்பதே பொருந்தும்.

பழனிமலை அடிவாரம். திண்டுக்கல் மாவட்டம் கன்னிவாடியிலும் சுவாமிநாதனின் நிறுவனம் மையம் அமைத்தது. ரெட்டியார்சத்திரம் வட்டாரத்து விதை உற்பத்தி உழவர்கள் இதில் பங்கேற்றனர். இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்துடன் சேர்ந்து அமைத்த முதல் கிராம வள மையங்களைப் பிரதமர் மன்மோகன் சிங் 2004 அக்டோபர் 18-இல் தொடங்கிவைத்தார். திருவையாறு, தங்கச்சிமடம், செம்பட்டி ஆகிய மூன்றும் செயற்கைக்கோள் வழியாகச் சென்னையுடன் இணைந்தன. செம்பட்டி, திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானலுக்கு ஏறும் சாலையில் உள்ளது.

மலையின் தெற்கே தேனி மாவட்டத்தில், காமன்வெல்த் கல்விக் கழகத்தின் ‘உழவர்க்கான வாழ்நாள் கல்வி’த் திட்டம் சற்று வேறு வழியில் சென்றது. பல்கலைக்கழகங்கள், வங்கி, ‘விடியல்’ என்னும் தன்னார்வ அமைப்பு ஆகியவை கைகோத்தன. ஆடு வளர்க்கும் பெண்கள் கைப்பேசியில் வரும் குரல் பாடங்களைக் கேட்டுத் தொழில் கற்றனர். எழுத்து தெரியாதது இங்கே தடையாகவில்லை; பாடம் கேட்க மேய்ச்சலை விட்டு வரவும் வேண்டியிருக்கவில்லை.

தேசியக் கூட்டணி. 2003-இல் ஜாம்செட்ஜி டாட்டா பெயரில் ஊரகத் தேசிய மெய்நிகர் கல்விக்கழகம் தோன்றியது. களத்தில் தேர்ந்த ஊர்மக்களுக்கே அது ‘ஆய்வாளர்’ தகுதி வழங்கியது. 2004-இல் உருவான ‘மிஷன் 2007’ கூட்டணி, விடுதலையின் அறுபதாம் ஆண்டு நிறைவுக்குள் ஒவ்வொரு கிராமத்தையும் அறிவு மையமாக்க எண்ணியது. 2005-06 நடுவண் நிதிநிலை அறிக்கை இதற்கென 100 கோடி ரூபாய் குறிப்பிட்டது. இலக்கு எட்டப்படவில்லை. 2006-இல் நடுவண் அரசு ஒரு லட்சம் பொதுச் சேவை மையங்களுக்கு ஒப்புதல் அளித்தது இக்கூட்டணியின் தாக்கத்தால் என்போரும், அது தனியாக வளர்ந்த மின்னாளுகைக் கொள்கை என்போரும் உளர்.

இக்கூட்டு மையங்களைப் போலன்றி, மதுரை மாவட்டம் மேலூரில் சென்னை ஐ.ஐ.டி.யின் கம்பியில்லா இணைப்பைக் கொண்டு 2001-இல் தொடங்கிய இணைய நிலையங்கள் கட்டண வருவாயை நம்பின. அவற்றுள் பல சில ஆண்டுகளில் மூடப்பட்டன.

பிற்காலம். மலிவான கைப்பேசி இணையம் பரவியபின் தகவலுக்காக மையம் தேடிச் செல்லும் தேவை குறைந்தது. சான்றிதழ்ப் பணிகள் இ-சேவை மையங்களுக்குப் போயின. கல்வி, பயிற்சிப் பணிகளில் 2019-இல் கல்வித் தொலைக்காட்சி, 2021 அக்டோபரில் மரக்காணம் அருகே தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி, 2022-இல் நான் முதல்வன் ஆகியவை தமிழ்நாடு அரசின் முன்னெடுப்புகளாக வந்தன. இல்லம் தேடிக் கல்வியில் மாலைநேர வகுப்பு எடுத்த தன்னார்வலர்களுள் பெரும்பாலோர் உள்ளூர்ப் பெண்கள். புதுச்சேரிச் சோதனையை நடத்திய நிறுவனத்தைத் தொடங்கிய சுவாமிநாதன் 2023 செப்டம்பர் 28-இல் காலமானார்.