வளர்ப்பவர்க்கு யார் துணை? தோனாவூர் வரலாறு தரும் பாடம்

மோசேயின் பிறப்பைக் குறித்து யாத்திராகமத்தில் வாசிக்கும் நாம், நாணற்பெட்டியையும் பார்வோனின் குமாரத்தியையும் நினைவிற் கொள்கிறோம். ஆனால் அக்குழந்தையைப் பாலூட்டி வளர்க்கும் பெண்ணுக்குச் சம்பளம் கொடுப்பதாக அக்குமாரத்தி வாக்களித்ததை (2:9) எளிதில் மறந்துவிடுகிறோம். பிள்ளைக்கு ஆதரவு வேண்டும் என்பதுபோலவே, பிள்ளையை வளர்ப்பவருக்கும் ஆதரவு வேண்டும் என்னும் உண்மை அப்பகுதியில் அடங்கியுள்ளது. தமிழகத் திருச்சபையின் வரலாற்றில் இவ்வுண்மை எவ்வாறு உணரப்பட்டது என்பதை ஈண்டு சுருங்க ஆராய்வோம்.

1706ஆம் ஆண்டில் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு ஹாலே நகரில் பயின்றவர். அந்நகரில் பிராங்கே நிறுவிய அனாதை இல்லம் பிற்கால மிஷன்கள் பலவற்றிற்கு முன்மாதிரியாயிற்று. 1876-78ஆம் ஆண்டுகளின் பெரும் பஞ்சத்தின்போது மிஷனெரிகள் அனாதை விடுதிகளைத் திறந்தனர். எண்ணற்ற உயிர்களைக் காத்த பணி அது. எனினும், விடுதி என்னும் அமைப்பில் பிள்ளைகளுக்கு உணவும் கல்வியும் அளிப்பது எவ்வாறு என்பதே முதன்மையான கேள்வியாக இருந்தது. வளர்ப்பவரைப் பற்றிய கேள்வி பின்னரே எழுந்தது.

அக்கேள்வியை நேர்முகமாகச் சந்தித்தவர்களுள் ஏமி கார்மைக்கேல் அம்மையார் ஒருவர். கோயிற்பணிக்கு ஒப்புவிக்கப்படவிருந்த சிறுமி ஒருத்தி 1901இல் அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். பின்னர்க் கைக்குழந்தைகளும் வரத் தொடங்கவே, கிராமங்கள்தோறும் சென்று நற்செய்தி அறிவித்த மகளிர் குழுவினர் தொட்டிலருகே அமர வேண்டியதாயிற்று. பிறர் பிள்ளைக்குப் பணிவிடை செய்வது தாழ்ந்த வேலை என்ற எண்ணம் வேரூன்றியிருந்த காலம் அது. இளம் விதவையாகிய பொன்னம்மாள் அப்பணியை மனமுவந்து ஏற்றார். மருத்துவ உதவி அருகில் கிடைக்கும்பொருட்டு, லண்டன் மிஷன் மருத்துவமனை இருந்த நெய்யூரில் ஒரு குழந்தை இல்லம் அமைக்கப்பட்டு, அது அவர் பொறுப்பில் விடப்பட்டது. 1915இல் பொன்னம்மாள் புற்றுநோயால் மரித்தார். அடுத்த ஆண்டில், இந்தியப் பெண்கள் எழுவரைக் கொண்டு 'பொது வாழ்வின் சகோதரிகள்' என்னும் ஐக்கியம் தோன்றியது. ஒருவரையொருவர் ஜெபத்தாலும் நட்பாலும் தாங்குவது அதன் நோக்கங்களுள் ஒன்று. பிள்ளைகள் சிறு சிறு குடும்பங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு குடும்பமும் ஓர் 'அக்காள்' வசம் ஒப்புவிக்கப்பட்டது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் அறியத்தக்கவை இரண்டு. முதலாவது, வளர்ப்பவருக்கு அன்பு மட்டும் போதாது. அருகே மருத்துவமும், சுமையைப் பகிரும் தோழமையும் திட்டமிட்டு அமைக்கப்பட வேண்டும். இரண்டாவது, இம்முறைக்கு ஓர் எல்லையும் உண்டு. அச்சகோதரிகள் மணவாழ்வைத் துறந்தவர்கள். ஆதலின், வளர்ப்பவரின் கணவர், சொந்தப் பிள்ளைகள், முதிய பெற்றோர் ஆகியோரைப் பற்றிய கேள்வி அங்கே எழவில்லை. இன்று நம்முன் நிற்பதோ அக்கேள்வியே.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் தனது 44ஆம் பிரிவில் வளர்ப்புப் பராமரிப்புக்கு இடமளித்து, மாத நிதியுதவியையும் கண்காணிப்பையும் விதிக்கிறது. கோவிட் பெருந்தொற்றில் பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைக்கு ஐந்து இலட்சம் ரூபாய் வைப்புநிதியும், உறவினர் அல்லது பாதுகாவலர் பராமரிப்பில் இருப்பின் பதினெட்டு வயதுவரை மாதம் 3,000 ரூபாயும் வழங்கப்படுமெனத் தமிழக அரசு 2021இல் அறிவித்தது. இவை வரவேற்கத்தக்கவை. ஆயினும், பணம் பிள்ளையின் பசியை ஆற்றும்; வளர்ப்பவரின் களைப்பை அது ஆற்றாது.

விருத்தாசலத்தை எண்ணிப் பார்ப்போம். பீங்கான் பொம்மைகளும் மின்சாதனத்திற்குரிய பீங்கான் பொருள்களும் உருவாகும் ஊர் அது. தினக்கூலிக்குச் செல்லும் ஒரு பெண் இறந்துபோன தமக்கையின் பிள்ளைகளைத் தன் பிள்ளைகளோடு சேர்த்து வளர்க்கிறாள் என வைத்துக்கொள்வோம். ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மாவட்டத் தலைநகராகிய கடலூருக்கு ஒரு மனுவோடு சென்று வந்தால் அன்றைய கூலி போயிற்று. அவள் காய்ச்சலில் விழுந்தால் நான்கு பிள்ளைகளையும் யார் பார்ப்பார்? தன் தாயின் மடியைப் பகிர நேர்ந்த சொந்த மகனின் மனத்தாங்கலை யார் கேட்பார்? அவளைச் சபையார் புகழ்வர். அவளிடம் விசாரிப்பவர் சிலரே.

இதற்குப் பெரும் நிதி தேவையில்லை. இத்தகைய இல்லங்கள் எவையெனச் சபை அறிந்திருத்தல், மனு எழுதவும் அலுவலகத்திற்கு உடன் செல்லவும் ஒருவரை நியமித்தல், மாதத்தில் ஒரு நாளேனும் பிள்ளைகளை ஏற்று அவளுக்கு ஓய்வளித்தல், வளர்ப்போர் தம்முள் கூடிப் பேச வாய்ப்பளித்தல் ஆகிய நான்கும் எந்தச் சிறிய சபைக்கும் இயல்வனவே. நெய்யூரில் பொன்னம்மாள் தனித்து விடப்படவில்லை. நம் தெருவில் பிள்ளை வளர்ப்பவளும் தனித்து விடப்படலாகாது. அவளுக்குரிய சம்பளத்தில் நம் பங்கு இதுவே.