சென்னை–சேலம் வான்வழி: தொலைவும் பயண நேரமும்

சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து சேலம் விமான நிலையத்துக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 265 கி.மீ. விமானிகள் கணக்கில் 143 கடல் மைல். அட்டவணைப்படி பயணம் சுமார் ஒரு மணி நேரம். சாலையில் இதுவே ஏறத்தாழ 340 கி.மீ.

சேலம் விமான நிலையம் நகருக்குள் இல்லை. பெங்களூர் நெடுஞ்சாலையில் ஓமலூரை ஒட்டிய காமலாபுரத்தில் இருக்கிறது. ஓடுபாதை நீளம் சுமார் 1,800 மீட்டர். அதற்கேற்றது ஏடிஆர் 72 என்னும் இரட்டை விசிறி விமானம். நடுவானில் அது மணிக்கு 500 கி.மீ. வரை போகும். அந்தக் கணக்கில் அரை மணிக்குச் சற்று மேல்தான் ஆகவேண்டும். ஆனால் அட்டவணை நேரம் என்பது சக்கரத்தடைக் கட்டையை எடுத்ததிலிருந்து இறங்கிய இடத்தில் மறுபடி வைக்கும் வரை. சென்னையில் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முறைக்குக் காத்திருப்பது, மேலேறுவது, இறங்குவது எல்லாம் அதில் அடக்கம். காற்று கிழக்கிலிருந்து வீசினால் கடலை நோக்கிக் கிளம்பி, பிறகு மேற்கே திரும்பவேண்டும்.

இந்தத் தடத்தில் சேவை நிலைத்து நின்றதில்லை. 2009இல் கிங்ஃபிஷர் வந்து, சில ஆண்டுகளில் நின்றது. மத்திய அரசின் உடான் திட்டத்தில் 2018 மார்ச்சில் ட்ரூஜெட் தொடங்கியது. சுமார் ஒரு மணிப் பயணத்துக்குக் குறிப்பிட்ட இருக்கைகளில் 2,500 ரூபாய் உச்சவரம்பு என்பதே அத்திட்டத்தின் கவர்ச்சி. 2021இல் அதுவும் நின்றது. 2023 அக்டோபரில் இண்டிகோ வந்தது.

சென்னை விமான நிலையத்துக்கு மேற்கே உள்ள வல்லக்கோட்டையிலிருந்து பார்த்தால் பயண நேரக் கணக்கு வேறு. ஏழடி முருகன் கோயிலுக்குப் பெயர்பெற்ற இவ்வூரைச் சுற்றி இன்று வல்லம் வடகால், ஒரகடம் சிப்காட் தொழிற்சாலைகள். இங்கே வேலை பார்க்கும் சேலத்துக்காரர் விமானம் ஏற, ஒரகடம், வண்டலூர், தாம்பரம் வழியாகச் சுமார் 40 கி.மீ. கிழக்கே போகவேண்டும். பெருங்களத்தூர் நெரிசலையும் சேர்த்தால் ஒன்றரை மணி. வேடிக்கை என்னவென்றால், மீனம்பாக்கத்திலிருந்து சேலத்துக்கு வரைபடத்தில் கோடு போட்டால் அது ஒரகடத்தை ஒட்டியே போகிறது. அதாவது, அவர் கிழக்கே போன தூரத்தை விமானம் முதல் சில நிமிடங்களில் திரும்பக் கடந்துவிடுகிறது.

நிலையத்தில் சோதனைக்கும் காத்திருப்புக்கும் ஒன்றரை மணி, பறக்க ஒரு மணி, காமலாபுரத்திலிருந்து சேலம் நகருக்கு முக்கால் மணி. மீனம்பாக்கம் போகும் ஒன்றரை மணியையும் சேர்த்தால் மொத்தம் ஐந்து மணிக்குச் சற்றுக் குறைவு. சிங்கப்பெருமாள்கோயில், திண்டிவனம், உளுந்தூர்பேட்டை வழியாகக் காரில் சுமார் 310 கி.மீ.; ஐந்தரை மணி. மிச்சம் முக்கால் மணிதான்.

2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட பரந்தூர் விமான நிலையம் வல்லக்கோட்டைக்கு மேற்கே சுமார் 20 கி.மீ. தொலைவில் அமையவிருக்கிறது. நிலம் கொடுக்க மறுத்து ஏகனாபுரம் மக்கள் நெடுங்காலம் போராடிவருகிறார்கள். அங்கிருந்து சேலத்துக்குச் சேவை வந்தால் முதல் ஒன்றரை மணி வெகுவாகக் குறையும். வரும்வரை மேற்சொன்ன கணக்குதான்.

இன்றைய நிலையில் ஓமலூர், மேட்டூர் போகிறவர்களுக்கு விமானம் லாபம். சேலத்துக்கு முன்பே சாலையில் வந்துவிடும் ஆத்தூர், சின்னசேலத்துக்காரர்களுக்குக் காரோ பேருந்தோ போதும்.