தாயத்தின் வழியும் நோயின் வழியும்

தக்கலைக்கு அருகிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் நிற்பினும், கேரள அரசின் பராமரிப்பில் உள்ளது. 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகர் இதுவே. இங்கு ஆண்ட வேந்தரின் அரியணை மகனுக்குச் செல்லாது; சகோதரியின் மகனுக்கே செல்லும். 1729 இல் மார்த்தாண்ட வர்மா பட்டமேற்றபோது, முந்தைய மன்னரின் புதல்வர்களான தம்பிமார் தந்தைவழி உரிமை கோரிக் கிளர்ந்து, இறுதியில் உயிரிழந்தனர். நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே வேரூன்றியிருந்த இம்மருமக்கள் வழியைக் கவிமணி எள்ளி நகையாடியதை அறியாதார் இலர். வடமலபார் மாப்பிள்ளை முஸ்லிம் குடும்பங்கள் பலவும், ஷரீஅத்தின் பாகப்பிரிவினையை அறிந்திருந்தும் இவ்வழக்கத்தை நெடுங்காலம் விடவில்லை என்பது வியப்பே!

சொத்துக்கு மட்டுமன்று, சில நோய்களுக்கும் வழியுரிமை உண்டு. 1886 இல் ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகரில் 18 வயது நங்கை ஒருத்தி படபடப்பால் துன்புற்று மாண்டாள். அவளுடைய அட்ரீனல் சுரப்பிகள் இரண்டிலும் கட்டிகள் இருந்ததை ஃபிராங்கெல் என்னும் மருத்துவர் எழுதிவைத்தார். 2007 இல் அவள் குலத்தில் வாழ்வோர் நால்வரிடம் 'ரெட்' என்னும் மரபணுவின் பிறழ்ச்சி கண்டறியப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் அக்குடும்பத்தில் அது தொடர்ந்து வந்திருக்கிறது.

'ரெட்' பிறழ்ச்சி தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வரும்; ஒவ்வொரு குழந்தைக்கும் வாய்ப்பு சரிபாதி. இது தைராய்டிலும் புற்றுநோயை விளைவிக்கும். பிறழ்ச்சி மரபணுவின் எவ்விடத்தில் உள்ளது என்பதைக் கொண்டே நோய் எப்பொழுது பரவத் தொடங்கும் என்று கணிக்கின்றனர். 918 ஆம் இடத்தில் எனில் முதல் வயதிலேயே, 634 ஆம் இடத்தில் எனில் 5 வயதளவில் தைராய்டை அகற்றிவிடுவர். அறுவைக்குப் பின்னும் நோய் எஞ்சினால், இரத்தத்திலுள்ள கால்சிட்டோனின் எத்துணை விரைவில் இரட்டிக்கிறது என்று நோக்குவர். 2005 இல் வெளிவந்த பிரெஞ்சு ஆய்வொன்றில், 6 மாதத்திற்குள் இரட்டித்தவருள் 5 ஆண்டு வாழ்ந்தோர் நூற்றுக்கு 25 பேரே. இரட்டிக்க 2 ஆண்டுக்கு மேலானவர் அனைவரும் ஆய்வு முடியும்வரை உயிருடன் இருந்தனர்.

இனி விந்தையானதொன்று. 2000 இல் கண்டறியப்பட்ட 'எஸ்.டி.எச்.டி' பிறழ்ச்சி கழுத்துத் தமனியருகே கட்டிகளை உண்டாக்குவது. தந்தையிடமிருந்து பெற்றவர்க்கே பெரும்பாலும் நோய் வரும். தாயிடமிருந்து பெற்றவர் அதனைச் சுமப்பர், நோயுறார். மருமக்கள் வழிக் குடும்பமொன்றில் இது புகுந்ததாகக் கொள்வோம். தாய், மகள், பேத்தி என்று தலைமுறைதோறும் இறங்கினும் அவ்வீட்டில் எவரும் நோயுறார். அவ்வீட்டு ஆடவரின் மக்களே, வேறு வீட்டில் தம் தாயுடன் வளர்பவரே, நோயுறுவர். அவர்களின் தாய்வீட்டாரை மட்டும் மருத்துவர் விசாரித்தால் ஒன்றும் புலப்படாது. அரியணையேறும் மருமகன் நலமாயிருக்க, அரியணை பெறாத தம்பிமார் கட்டியைப் பெறுவர். (அரச குடும்பத்தில் இந்நோய் இருந்ததென்று சொல்ல வரவில்லை, கணக்கு விளங்கவே சொன்னோம்.)

இதன் உடன்பிறப்பான 'எஸ்.டி.எச்.பி' பிறழ்ச்சியோ இருவழியிலும் வந்து நோய் செய்யும். எலும்புக்கும் கல்லீரலுக்கும் நுரையீரலுக்கும் பரவும் இயல்பு அதற்கே மிகுதி. ஆதலால் அதனைச் சுமப்பவரை, கட்டி தோன்றுமுன்னரே, இளமை முதல் ஆயுள் முழுதும் சோதித்து வருகின்றனர்.