கலிஃபோர்னியாவில் மருத்துவக் கவனக்குறைவு இழப்பீட்டின் உச்சவரம்பு (1975–2022)

முன்னுரை

மருத்துவரின் கவனக்குறைவால் பாதிக்கப்பட்டோர் பெறும் இழப்பீட்டுக்குச் சட்டம் எல்லை வகுக்கலாமா என்னும் வினா அமெரிக்காவில் அரை நூற்றாண்டாக விவாதிக்கப்பட்டு வருகிறது. பிற மாநிலங்களுக்கு முன்மாதிரியாக எடுத்துக்காட்டப்படுவது கலிஃபோர்னியாவின 1975ஆம் ஆண்டுச் சட்டமாகும். எல்லை வகுத்ததைவிட, அதனைப் பணவீக்கத்தோடு இணைக்காமல் விட்டதே அச்சட்டத்தின் போக்கைத் தீர்மானித்தது என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

சட்டத்தின் தோற்றம்

1970களின் நடுவில் மருத்துவர்களுக்கான பொறுப்புக் காப்பீட்டுக் கட்டணம் கடுமையாக உயர்ந்தது. காப்பீட்டு நிறுவனங்கள் சில இத்துறையிலிருந்து விலகின. 1975 மே மாதம் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் மயக்கவியல் மருத்துவர்கள் பணியைப் புறக்கணித்தனர். ஆளுநர் ஜெர்ரி பிரவுன் சட்டமன்றத்தின் சிறப்புக் கூட்டத்தைக் கூட்டினார். அதில் நிறைவேறிய சட்டம், வலி, மனத்துயர் முதலிய பொருளாதாரம் சாரா இழப்புகளுக்கு 2,50,000 டாலரை உச்சவரம்பாக்கியது. மருத்துவச் செலவுக்கும் வருமான இழப்புக்கும் வரம்பு விதிக்கப்படவில்லை. 1985இல் ஒரு வழக்கில் நடுவர் குழு இவ்வகையில் அளித்த 5,00,000 டாலர் பாதியாகக் குறைக்கப்பட்டதை மாநில உச்ச நீதிமன்றம் ஏற்று, சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது.

வரம்பின் விளைவு

ஊதியம் ஈட்டுவோரின் இழப்பைக் கணக்கிடுவது எளிது. உயிரிழந்த குழந்தை, ஓய்வுபெற்ற முதியவர் ஆகியோர் வழக்குகளில் வருமானக் கணக்கு சிறிதாகவே அமையும். இழப்பீட்டின் பெரும்பகுதி வரம்புக்குள் அடங்கிவிடும். வழக்குரைஞரின் கட்டணம் இழப்பீட்டில் ஒரு பங்காதலால், இத்தகைய வழக்குகளை ஏற்பதற்கே தயக்கம் எழுந்தது.

வரம்பினால்தான் காப்பீட்டுக் கட்டணம் கட்டுக்குள் வந்தது என்பது ஆதரவாளர் வாதம். 1988இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 103ஆம் முன்மொழிவு, கட்டண உயர்வுக்கு அரசின் முன்னனுமதியைக் கட்டாயமாக்கியதே காரணம் என்பது எதிர்ப்பாளர் மறுப்பு. இவ்விரண்டும் ஒரே காலத்தில் நடைமுறையில் இருந்தமையால் அவற்றின் விளைவுகளைப் பிரித்தறிதல் எளிதன்று.

திருத்தம்

2014இல் வரம்பைப் பணவீக்கத்திற்கேற்ப ஏறத்தாழ 11 லட்சம் டாலராக உயர்த்தக் கோரிய 46ஆம் முன்மொழிவை வாக்காளர்கள் நிராகரித்தனர். மருத்துவர்களுக்குப் போதைப்பொருள் சோதனையை விதிக்கும் பிரிவும் அதில் இணைந்திருந்தது. 2022இல் இரு தரப்பும் உடன்பட்டு ஒரு திருத்தச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி 2023 முதல் வரம்பு 3,50,000 டாலராகவும், உயிரிழப்பு வழக்குகளில் 5,00,000 டாலராகவும் உயர்ந்தது. பத்தாண்டுகளில் இவை முறையே 7,50,000, 10,00,000 டாலரை எட்டும். அதன்பின் ஆண்டுக்கு 2 விழுக்காடு கூடும்.

முடிவுரை

1975இன் எண் 47 ஆண்டுகள் மாறாது நின்றது. அதன் மதிப்போ ஆண்டுதோறும் தேய்ந்தது. எந்தச் சட்டமன்றமும் வாக்களிக்காமலேயே வரம்பு தொடர்ந்து இறுகியது. எனவே வரம்பு வேண்டுமா என்று வினவுவோர், அவ்வெண் காலத்தோடு எவ்வாறு மாறும், வருமானமற்றோரின் இழப்பு எதனால் அளக்கப்படும் என்பனவற்றையும் உடன் வினவுதல் இன்றியமையாதது.