பட்டா யார் பேரில்?

2009 மே மாதம் வன்னியில் போர் முடிந்தது. சரணடைந்தவர்களும் பிடிபட்டவர்களுமாக ஏறத்தாழ 12,000 பேரை 'முன்னாள் போராளிகள்' என்று தனியே பிரித்துப் புனர்வாழ்வு மையங்களுக்குக் கொண்டுபோனது இலங்கை அரசு. அவர்களில் 2,000-க்கும் மேற்பட்டவர்கள் பெண்கள். 594 பேர் சிறார்கள். அந்தப் பெண்களைத் திரும்பவும் 'சாதாரணப் பெண்' ஆக்கி அனுப்பும்போது அவர்கள் கையில் எதைக் கொடுத்தார்கள், எதைக் கொடுக்காமல் விட்டார்கள் என்பதுதான் என் கேள்வி.

நான் சிவகாசிக்காரி. எங்கள் மாவட்டத்தில் குல்லூர்சந்தை, செவலூர், அனுப்பன்குளம் என்று ஈழத்திலிருந்து வந்தவர்களின் முகாம்கள் உண்டு. 2021-ல் தமிழ்நாடு அரசு 'அகதி' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. முகாம் பெண்கள் எங்களூர்ப் பெண்களோடு உட்கார்ந்து குழாய் உருட்டுகிறார்கள், திரி சொருகுகிறார்கள், சரம் பின்னுகிறார்கள். யார் இயக்கத்தில் இருந்தவர், யார் இல்லாதவர் என்று நான் எவரிடமும் கேட்டதில்லை. அது போலீஸ் கேட்கிற கேள்வி. அங்கே கரையில் புனர்வாழ்வு, இங்கே கரையில் மறுவாழ்வு. இரண்டிலும் பெண்ணுக்குக் கிடைப்பது பெரும்பாலும் கூலி வேலைதான்.

எங்கள் கரிசல் காட்டுக்கு இந்தக் கதை புதிதல்ல. வானம் பார்த்த பூமி இது. மழை பொய்த்த ஊரில் வேறு பிழைப்புத் தேடித்தான் 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். பட்டாசு அதன் பின்னால் வந்தது. என் பாட்டி கம்பும் பருத்தியும் விளைந்த காட்டில் களையெடுத்தவள். கிணறு வற்றியதும் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனாள். காட்டில் உழைத்த காலத்திலும் பட்டா தாத்தா பேரில்தான் இருந்தது. ஏர் பிடிப்பது ஆம்பளை வேலை, மடை திறப்பது ஆம்பளை வேலை. குனிந்து செய்கிற நடவும் களையும் பொம்பளை வேலை. விவசாயம் தெரிந்தவள் என்பதும் விவசாயி என்பதும் ஒன்றல்ல என்பதை நான் பாட்டியைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

வன்னிக்கு வருவோம். 1987 அக்டோபரில் கோப்பாயில் மாலதி இறந்ததிலிருந்து 2009 வரை, இருபது ஆண்டுகளுக்கு மேல் பெண்கள் அந்தப் போரில் நின்றார்கள். பதுங்குகுழி வெட்டினார்கள், வாகனம் ஓட்டினார்கள், காயம்பட்டவர்களைத் தூக்கிச் சுமந்தார்கள், கணக்கு வழக்கு பார்த்தார்கள். அந்த இயக்கம் அவர்களுக்குச் சுதந்திரம் தந்ததா என்பது தனி விவாதம். கட்டாய ஆள்சேர்ப்பில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்களை மறந்துவிட்டு அந்த விவாதத்தை நடத்தக் கூடாது. ஆனால் 'பெண்ணால் முடியாது' என்று ஊர் ஒதுக்கிவைத்த வேலைகளை அவர்கள் செய்தார்கள் என்பதில் சந்தேகமில்லை.

புனர்வாழ்வு மையங்களில் தச்சு, மேசன் வேலை, விவசாயம் எனப் பல பயிற்சிகள் நடந்தன. பெண்களுக்கென்று முன்னால் நின்றவை தையலும் அழகுக்கலையும். வெளியே வந்தவர்களுக்கு ஆடைத் தொழிற்சாலைகள் காத்திருந்தன. 2010 ஜூனில் வவுனியாவில் முன்னாள் போராளிகள் 53 ஜோடிகளுக்கு ஒரே நாளில் கல்யாணம் செய்துவைத்தார்கள். பெண் திருந்திவிட்டாள் என்பதற்கு அரசுக்கும் ஊருக்கும் தெரிந்த அத்தாட்சி தாலிதான் போலும். ஆணைப் பார்த்து எந்த ஊரும் 'இவன் இனி ஆணாக இருப்பானா' என்று கேட்பதில்லை. இயக்கத்திலிருந்து திரும்பிய பெண்ணிடம் முடி வளர்ந்ததா, அடக்கம் வந்ததா, கல்யாணம் ஆகுமா என்று கேட்டார்கள்.

வன்னி விவசாய மண். இரணைமடுக் குளத்தை நம்பி நெல் விளைகிற மண். அங்கே பிழைக்க நிலம் வேண்டும். அந்த நிலத்துக்கு முன்னால் பல தடைகள். முதல் தடை கண்ணிவெடி. அதை அகற்றும் வேலையிலும் பெண்கள் முழங்காலிட்டு மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள், குடும்பத்தைத் தனியாகச் சுமக்கிற பெண்கள் பலர். அடுத்த தடை இராணுவம். 2017 பிப்ரவரி முழுவதும் கேப்பாப்புலவு பிலக்குடியிருப்பில் பெண்கள் விமானப்படை முகாமுக்கு முன்னால் பிள்ளைகளோடு இரவும் பகலும் உட்கார்ந்திருந்தார்கள். மார்ச் 1 அன்று நிலம் திரும்பக் கிடைத்தது. பயிற்சி வகுப்பு எதுவும் அந்த நிலத்தை மீட்டுத் தரவில்லை.

மூன்றாவது தடை சட்டம். அரசு நிலத்தைக் குடியேற்றக்காரர்களுக்கு வழங்குவதற்கான 1935-ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், வாரிசு வரிசையில் ஆண்களுக்கு முதலிடம் கொடுத்தது. அந்தப் பாகுபாட்டை நீக்கும் திருத்தம் 2022-ல்தான் வந்தது. வடக்கின் தேசவழமைச் சட்டப்படி, மணமான பெண் தன் சொந்த நிலத்தை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். கணவன் காணாமல் ஆக்கப்பட்டிருந்தால்? உயிரோடு இருக்கிறானா என்று அரசே சொல்லாத ஒருவனின் கையெழுத்தை அவள் எங்கே போய் வாங்குவாள்?

நிலமில்லாதவர்களுக்குச் சம்பளம் வந்தது. 2012 முதல் பாதுகாப்பு அமைச்சின் கீழ் இயங்கும் சிவில் பாதுகாப்புத் திணைக்களம் கிளிநொச்சி, முல்லைத்தீவில் பண்ணைகள் நடத்தி முன்னாள் போராளிகளை, பெண்களையும் சேர்த்து, வேலைக்கு எடுத்தது. 2018-ல் விசுவமடுவில் இடமாற்றலாகிப் போன இராணுவ அதிகாரியை அந்தத் தொழிலாளர்கள் மாலை போட்டு, தோளில் தூக்கி, அழுது வழியனுப்பினார்கள். பலர் கேலி செய்தார்கள், சிலர் துரோகம் என்றார்கள். என்னால் கேலி செய்ய முடியவில்லை. தீபாவளி போனஸ் கொடுக்கும் முதலாளியை எங்களூர்ப் பெண்களும் சாமி என்றுதான் சொல்கிறார்கள். மாதம் பிறந்தால் சம்பளம் என்பது பிள்ளைக்குச் சோறு. ஆனால் யாரை எதிர்த்துப் போரிட்டார்களோ அவர்களின் பண்ணையிலேயே, அவர்களின் கண்காணிப்பிலேயே மண்ணைக் கொத்துகிறவள் விவசாயி ஆகவில்லை, பண்ணைக் கூலி ஆகிறாள்.

உலகமும் இதில் பெரிதாக மாறுபடவில்லை. படை கலைக்கும்போது பெண் போராளிகளின் தேவைகளைத் தனியே கவனியுங்கள் என்று ஐ.நா. பாதுகாப்புச் சபையின் 1325-ஆம் தீர்மானம் 2000-லேயே சொன்னது. நேபாளத்தில் சரிபார்க்கப்பட்ட 19,602 மாவோயிஸ்ட் போராளிகளில் 3,846 பேர் பெண்கள். கடைசியில் பெரும்பாலானவர்கள் ரொக்கம் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார்கள், கொஞ்சம் பேர் இராணுவத்தில் சேர்ந்தார்கள். பயிற்சியோடு கூடிய புனர்வாழ்வைத் தேர்ந்தவர்கள் வெறும் ஆறு பேர். அதிகாரிகள் போடுகிற பயிற்சிப் பட்டியலில் மக்களுக்கு எவ்வளவு நம்பிக்கை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

திறன் இல்லாததால் பெண்கள் ஏழைகளாக இருக்கிறார்கள் என்கிற நினைப்பில்தான் இந்தத் திட்டங்கள் எல்லாம் தொடங்குகின்றன. வன்னிப் பெண்ணுக்கு மண்ணைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. என் பாட்டிக்கும் வேண்டியிருக்கவில்லை. தமிழ்நாடு 1989-ல் மகள்களுக்குக் குடும்பச் சொத்தில் பங்கு கொடுத்தது. ஆனால் அதற்கு முன்பே கல்யாணமான மகள்களை விலக்கிவைத்தது. என் அம்மாவின் கல்யாணம் 1984-ல். இந்தியா முழுமைக்குமான 2005-ஆம் ஆண்டுத் திருத்தம் வருவதற்குள் எங்கள் காடு பாகம் பிரிந்து, விலையாகி, பட்டாசு ஆபீசுக்குச் சுற்றுச்சுவரும் ஏறிவிட்டது. அம்மா அந்தச் சுவருக்கு உள்ளே கூலிக்கு இருந்தாள்.

ஆகவே இனி எந்த நாட்டில், எந்தப் போர் முடிந்து, பெண்களுக்கு விவசாயப் பயிற்சி என்று அறிவித்தாலும் நாம் முதலில் கேட்க வேண்டியது சிலவே. நிலம் எங்கே? தண்ணீர் யார் கையில்? விளைந்ததை விற்கும் உரிமை யாருக்கு? பட்டா யார் பேரில்? இவற்றுக்குப் பதில் வந்த பிறகு விதையைப் பற்றிப் பேசலாம். அதை அவர்களே நமக்குச் சொல்லித் தருவார்கள்.