ஜாம் போத்தல் விளக்கு

1990 ஜூனில் இலங்கையின் உள்நாட்டுப் போர் மீண்டும் வெடித்தபின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. ரியூப் லைற்றும் அதன் சோக்கும் சுவரில் வெறுமனே தொங்கின. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் கிடைப்பதே அரிது. அரிக்கன் லாம்பு எரிப்பது கட்டுபடியாகவில்லை. அந்த நெருக்கடியில் பரவியதுதான் ஜாம் போத்தல் விளக்கு.

போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, அது நனையுமளவு எண்ணெய் விடுவார்கள். சைக்கிள் வால்வில் மெல்லிய நூல்திரியைக் கோத்து, கம்பியால் உள்ளே நிறுத்துவார்கள். வால்வின் ஒடுங்கிய துளையால் திரி மெல்லியதாகவே இருக்கும். சுடர் சிறுத்து எண்ணெய் மிஞ்சும். கண்ணாடிச் சுவர் காற்றைத் தடுக்கும். எளிமையான, ஆனால் மிகக் கூர்மையான தொழில்நுட்பம் இது. பரீட்சைக்குப் படித்த பிள்ளைகளுக்கு இதுவே வெளிச்சம்.

பற்றரிக்கும் தடை இருந்ததால், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதிகட்டையைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டார்கள். யாழ்ப்பாணத்தின் சுன்னாகம் தேசிய மின்தொகுப்போடு மீண்டும் இணைந்தது 2013இல்தான்.